துருவும் தேய்மானமும்

கூட்டுறவுச் சங்கங்களின் தளவாட இருப்பை ஆண்டிறுதியில் சரிபார்க்கும்பொழுது, பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'உபயோகமற்றது' என்னும் சொல் அடிக்கடி எதிர்ப்படுகின்றது. நெசவாளர் சங்கமாயின் அச்சுகளும் ஜக்கார்டுப் பெட்டியின் உறுப்புகளும், விவசாயிகளின் சங்கமாயின் மருந்து தெளிப்பான்களும் இறைவை இயந்திரத்தின் குழாய்களும் அச்சொல்லுக்கு நேரே நிற்கும். காரணம் என்னவென்று வினவினால், "துருப்பிடித்துவிட்டது" என்று விடை வரும். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல, யாராலும் தடுக்கவியலாத நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும் தோரணையில் அவ்விடை சொல்லப்படும். ஆண்டுதோறும் தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழித்து எழுதிவருவதால், பொருள் எவ்விதம் அழிந்தாலும் கணக்கில் அதற்கு இடமுண்டு என்னும் நினைப்பு நிர்வாகிகள் சிலரிடம் வேரூன்றியிருக்கின்றது. ஆனால் தேய்மானம் வேறு, துரு வேறு. உழுது தேய்ந்த கொழு தன் விலையை அங்கத்தினருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்கின்றது. மூலையிற் கிடந்து துருவேறிய கொழுவோ, ஒரு சால்கூட ஓட்டாமல் அங்கத்தினரின் பங்குத்தொகையைத் தின்றுவிடுகின்றது.

இந்நட்டம் சங்கத்துக் கிடங்கோடு முடிவதன்று. உலோக அரிமானத்தால் உலகம் அடையும் செலவு, 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 2.5 லட்சம் கோடி டாலர் என்றும், அது உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3.4 விழுக்காடு என்றும் அமெரிக்க அரிமானப் பொறியாளர் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அவ்வாய்வில் நாம் கருத வேண்டிய பகுதி வேறொன்று. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே தெரிந்த தடுப்பு முறைகளை ஒழுங்காகக் கையாண்டாலே இச்செலவில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்பது அது. தெரிந்த முறைகள் யாவை, அவை நம் தறிக்கும் வயலுக்கும் எவ்விதம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது. காற்று மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. மூன்று சீசாக்களில் பளபளப்பான ஆணிகளை இடுவர். முதற் சீசாவில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை இட்டு, உள்ளிருக்கும் காற்றை ஈரமறச் செய்து மூடிவிடுவர். இரண்டாவதில் நன்கு கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய தண்ணீரை ஊற்றி, மேலே எண்ணெய் மிதக்க விடுவர். மூன்றாவதில் சாதாரணத் தண்ணீரை வைத்துத் திறந்துவிடுவர். சில நாட்களில் மூன்றாவது சீசாவின் ஆணி மட்டுமே செந்நிறமாகும். தண்ணீரில் மூழ்கியும் ஆணி கெடாமல் இருப்பதை இரண்டாவது சீசாவில் காணும்பொழுது பெரியவர்களுக்கும் வியப்பாகத்தான் இருக்கும்.

தண்ணீர் என்றவுடன் மழையையும் ஒழுக்கையும் மட்டும் நினைத்தல் தவறாகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்ததுமே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மீது படிந்து வேலையைத் தொடங்கிவிடும். தூசியும் உப்பும் படிந்திருந்தால் அதற்கு முன்னரே தொடங்கும்; ஏனெனில் உப்பு ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். வியர்வைக் கையால் தொட்ட இரும்புத் தகட்டில், இரண்டொரு நாளில் விரல் ரேகை துருவாகவே எழுந்து நிற்பதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள்.

துரு என்பது உண்மையில் ஒரு சிறு மின்கலத்தின் வேலை. ஒரே இரும்புத் துண்டின் ஓரிடம் கரைந்து தன் மின்சாரத்தை விடுகின்றது. மற்றோரிடம் அதனைப் பெற்றுப் பிராணவாயுவுக்குக் கொடுக்கின்றது. இடையிலுள்ள ஈரம் சுற்றை நிறைவு செய்கின்றது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூ. ஆர். ஈவன்ஸ் என்னும் அறிஞர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு துளி உப்புநீரை இரும்புத் தகட்டின்மேல் வைத்து இதனைக் கண்ணாரக் காட்டினார். துளியின் விளிம்பில் காற்று எளிதிற் புகும், நடுவில் புகாது. கெடுவது விளிம்பாகத்தான் இருக்கும் என்று நாம் எண்ணுவோம். நேர்மாறாக, காற்றுக் குறைந்த நடுவிடமே அரிக்கப்பட்டுக் குழியாயிற்று.

இவ்வுண்மை விவசாயிக்கு மிகவும் வேண்டியது. கலப்பையில் ஒட்டிய மண்ணை அப்படியே விட்டுவைத்தால் மண் காய்ந்து இரும்பைக் காக்கும் என்று சிலர் நம்புகின்றனர். மண்கட்டியின் அடியில்தான் காற்றுக் குறைவு. ஈரமும் அங்கேயே தங்கும். மறு பருவத்தில் கட்டியைத் தட்டிவிட்டுப் பார்த்தால், திறந்து கிடந்த பாகத்தில் மேலோட்டமான துருவும், கட்டியின் அடியில் ஆழ்ந்த குழியும் காணப்படும். தரையோடு தரையாக வைத்த பீப்பாயின் அடி முதலில் ஓட்டையாவதும், மறையும் திருகாணியும் சேருமிடம் இறுகிப்போவதும் இதே காரணத்தால்தான். பீப்பாயின் அடியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்துக் காற்றோட விடுவதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இம்மின்கலம் பன்மடங்கு வேகங்கொள்ளும். இதனைப் பெருஞ்செலவில் கற்றவர்கள் ஆங்கிலேயக் கடற்படையினர். 1761இல் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் மர அடிப்பாகத்தைப் புழுவும் பாசியும் பற்றாதிருக்கச் செப்புத் தகடுகளால் மூடினர். தகட்டைப் பிடித்திருந்தவை இரும்பு ஆணிகள். சுமார் இரண்டாண்டுக் கடற்பயணத்துக்குப் பின் பார்த்தபொழுது, ஆணிகள் கரைந்துபோய்த் தகடுகள் பல இடங்களில் கழன்றிருந்தன. ஒரு சில ஆணிகள் மட்டும் கெடவில்லை. தகடுகள் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அவ்வாணிகளுக்கும் செம்புக்கும் நடுவே தற்செயலாகச் சிக்கிக்கொண்டிருந்தது என்பதே அதன் இரகசியம். ஒரு துண்டுக் காகிதம் செய்த உபகாரம்!

இறைவைக் கிணற்றில் இதே கதை இன்றும் நடக்கின்றது. இரும்புக் குழாயின் நுனியில் பித்தளை வால்வைத் திருகுகின்றோம். உவர்நீர் ஓடும் ஊர்களில், பித்தளையை அடுத்த இரண்டு அங்குல இரும்புதான் முதலில் பொத்தலாகும். குழாய்க்காரரைக் குறை கூறுவதில் பயனில்லை. இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைப் பொருத்தினால், அக்காலக் கப்பலின் காகிதம் செய்த வேலையை அது செய்யும். வர்ணம் பூசுவதாயிருந்தால் இரும்புக்கு மட்டும் பூசிவிட்டுப் பித்தளையை வெறுமனே விடுதல் ஆகாது. பூச்சில் ஊசி முனையளவு குறை நேர்ந்தாலும், பித்தளை முழுவதும் சேர்ந்து அச்சிறு புள்ளியைத் தாக்கும். பூசாத குழாயைக் காட்டிலும் பூசிய குழாய் விரைவில் துளைபடும். ஆதலின் பித்தளைக்குப் பூசுவதே முதன்மையானது. கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினும் இதுவே உண்மை.

உலோகங்களின் இக்குணத்தை நமக்கு நன்மையாகத் திருப்பவும் கூடும். இரும்பைவிட எளிதிற் கரையும் துத்தநாகத்தை அதனோடு சேர்த்தால், துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஸர் ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பலின் செப்புத் தகடுகளை இவ்விதம் துத்தநாகத்தாலும் இரும்பாலும் காத்துக் காட்டினார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரைந்துவந்த செம்பின் நஞ்சினால்தான் பாசியும் சிப்பிகளும் அணுகாதிருந்தன. நஞ்சு நின்றதும் அவை அடர்ந்து படிந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படையினர் அம்முறையைக் கைவிட்டனர். முறையிற் பிழையில்லை, பொருத்திய இடந்தான் பொருந்தவில்லை. 1837இல் பிரான்சில் ஸோரெல் என்பவர் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நம் வீட்டுக் கால்வனைஸ் வாளி அவ்வழி வந்ததே.

மண்ணெண்ணெய் டின்னையும் கால்வனைஸ் வாளியையும் ஒன்றென எண்ணுவோர் பலர். டின்னின் இரும்புக்கு மேலுள்ளது வெள்ளீயம். அது கீறாதவரை நன்மை செய்யும். கீறல் விழுந்துவிட்டால் இரும்புதான் கரையும், வெள்ளீயம் அக்கரைவை விரைவுபடுத்தும். வாளியில் கீறல் விழுந்தாலோ, சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்து அவ்விடத்தைக் காக்கும். ஆகையால் வெளியிற் கிடக்க வேண்டிய பொருளுக்குத் துத்தநாகப் பூச்சே ஏற்றது. விலை சற்றுக் கூடுதலென்று கொள்முதற் குழுவினர் தயங்குதல் வேண்டா.

எனினும் துத்தநாகத்துக்கும் ஒரு பகை உண்டு. அது நம் தோட்டத்திலேயே இருக்கின்றது. வெற்றிலை, பாக்கு, திராட்சை, காப்பி பயிரிடுவோர் யாவரும் போர்டோ கலவையை அறிவர். 1885இல் பிரான்சில் மில்லார்டே என்னும் பேராசிரியர் வெளியிட்ட இம்முறையில், 1 விழுக்காட்டுக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் நீரில் சேர்கின்றன. மயில்துத்தம், அதாவது துருசு, செம்பின் உப்பு. அதனை இரும்பு வாளியிலோ கால்வனைஸ் வாளியிலோ கரைத்தால், வாளியின் உலோகம் நீரில் இறங்கும். நீரிலுள்ள செம்பு வாளியின்மேல் ஏறும். வாளியும் போயிற்று, மருந்தும் போயிற்று. பயிருக்குச் சேர வேண்டிய செம்பு வாளியின் சுவரில் செந்நிறமாக ஒட்டிக்கொண்டிருக்க, வெறும் நீரைத் தெளித்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சங்கத்தின் பேரில் வருந்துவோரும் உளர். மண் தொட்டி, மரத் தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவற்றில்தான் இதனைக் கரைக்க வேண்டும்.

இதே பகைமையைக் கொண்டு கலவையின் பதத்தையும் பார்க்கலாம். தீட்டிய இரும்புக் கத்தி ஒன்றைக் கலவையில் ஒரு நிமிடம் தோய்த்தெடுக்க வேண்டும். அலகில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அக்கலவை இலையைப் பொசுக்கும். கத்தி சிவக்காதவரை சுண்ணாம்புப் பால் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கலக்கிய நாளிலேயே தெளித்து முடித்துத் தெளிப்பானைத் தூய நீரால் இருமுறை கழுவிக் கவிழ்த்து வைத்தல் அவசியம். சங்கம் வாடகைக்கு விடும் தெளிப்பான்களைக் கழுவித் திருப்பித் தருவதை விதியாகவே ஆக்கிவிடலாம்.

உரக் கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டாஷ் உரத்தில் பெரும்பாலானது உப்பின் இனத்தைச் சேர்ந்த குளோரைடே. ஈரக் காற்றில் அது செய்யும் வேலை கடற்காற்றின் வேலையை ஒத்தது. உரமூட்டைக்கு அருகில் இரும்புக் கருவிகளை வைத்தலாகாது. தராசையும் அப்படியே.

இனித் தறிக்கு வருவோம். தறிப்பட்டறையில் ஓர் இக்கட்டு இயல்பாகவே அமைந்துள்ளது. பருத்தி இழை உலர்ந்தால் அறும். ஆதலின் ஈரக்காற்று வேண்டும். குழித்தறியில் அமர்ந்து நெய்வதன் நன்மைகளுள் ஒன்று, மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைப்பது. இழைக்கு உகந்த அதே ஈரம் உருக்கு அச்சுக்கு ஆகாது. மூங்கிற் பற்கள் கொண்ட பழைய அச்சுகளில் இத்தொல்லை இருந்ததில்லை. உருக்கு அச்சு நேர்மையும் உழைப்பும் உடையது. ஆனால் கஞ்சியின் ஈரத்தோடு பாவு பல நாள் அதிலே நின்றுவிட்டால், பற்களின் நடுவே செம்புள்ளிகள் தோன்றும். துருவேறிய பல் அரம்போலாகி இழையை அறுக்கும். அறாத இழையில் கறை ஏறும்.

அக்கறையினால் வரும் நட்டம் அச்சின் விலையோடு நிற்பதில்லை. துணியில் கடுகளவு துருப்புள்ளி இருந்தாலே கொள்முதலின்போது இரண்டாந்தரமென்று ஒதுக்கப்பட்டுக் கூலியிற் குறைவு நேரும். அதைவிடக் கொடுமை, புள்ளியைக் கவனியாமல் துணியை வெளுக்க அனுப்புவது. வெளுக்கும் தொட்டியிலுள்ள பெராக்சைடு இரும்பைக் கண்டதும் அவ்விடத்தில் மட்டும் மிஞ்சிய வேகத்தில் சிதைந்து, நூலையும் சேர்த்துச் சிதைக்கும். புள்ளியாகச் சென்ற துணி பொத்தலாகத் திரும்பும். நெய்தவர் கையிலா, வெளுத்தவர் கையிலா குற்றம் என்று வழக்கு எழும். இருவரிடமும் இல்லை, அச்சிலே இருக்கின்றது. சாதாரணச் சலவைத்தூளும் துருக்கறையைப் போக்காது. ஆக்ஸாலிக் அமிலத்தின் மெல்லிய கரைசலே துருவைக் கரைத்தெடுக்கும். அது நஞ்சு; குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு பூட்டிவைக்க வேண்டும். கறை நீங்கியதும் துணியைப் பலமுறை அலசாவிட்டால் அமிலம் நூலிலே தங்கி அதனை நைந்துபோகச் செய்யும். சாயத் துணியாயின் ஓரத்தில் சோதித்த பின்னரே இடுக.

கடுக்காய் ஏற்றிய துணியில் துரு பட்டால் கறை கறுப்பாகும். கலம்காரிக் கலைஞர்கள் இதனையே தம் தொழிலுக்கு மூலதனமாக்கிக்கொண்டவர்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டு நாட்கணக்கில் புளிக்கவைத்து, அந்நீரால் கடுக்காய்த் துணிமேல் எழுதக் கருங்கோடு எழும். நாம் ஓட்டிவிட முயலும் துருவை அவர்கள் பானையில் வைத்து வளர்க்கின்றார்கள்.

அச்சைக் காப்பது அரிய வித்தையன்று. பாவு முடிந்ததும் உலர்ந்த தூரிகையால் கஞ்சித் தூசியைத் தட்டி, மெல்லிய இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுப் பற்களில் ஒற்றி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் இதற்கு உதவா. நாளாவட்டத்தில் அவை சிக்குப்பிடித்து அமிலமாகி, காக்க வேண்டியதையே கெடுக்கும். பெட்டிக்குள் சிறு சட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கற்களை வைத்தால் ஈரத்தை அவை குடித்துக்கொள்ளும். தூளாகிவிட்டதும் மாற்ற வேண்டும். மறுபடி ஏற்றும்பொழுது எண்ணெயைத் துடைத்து, முதல் சில அங்குலத்தைக் கழிவு ஊடையால் நெய்துவிட்டால் கறை அஞ்ச வேண்டியதில்லை. குரோமியம் கலந்த துருவேறா உருக்கில் செய்த அச்சுகளும் கிடைக்கின்றன. விலை மிகுதியாயினும், வெளிர்நிறச் சேலைகளை இடைவிடாது நெய்யும் சங்கங்களுக்கு அவையே சிக்கனம் என்பது என் கருத்து.

பட்டு நெசவாளர்களுக்குச் சரிகை கறுப்பது பெருங்கவலை. அதற்குக் காரணம் பிராணவாயு அன்று, கந்தகம். சரிகையிலுள்ள வெள்ளி, காற்றிற் கலந்த கந்தக வாயுவோடு கூடிக் கறுக்கின்றது. மேலிருக்கும் பொன்முலாம் மிக மெல்லியதாதலின் முழுக் கவசமாகாது. கழிவுநீர்ச் சாக்கடையை அடுத்த அறையில் சேலை இருப்பை வைப்பது கூடாது. ரப்பர் வளையமிட்டுச் சரிகைக் கட்டுகளைக் கட்டுவதும் கூடாது. ரப்பரிலே கந்தகம் உண்டு. பருத்தி நூலால் கட்டித் தூய பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நலம்.

"முன்னோர் இரும்பு துருப்பிடிக்கவில்லையே, டில்லித் தூண் நிற்கவில்லையா?" என்று கேட்பவர் உண்டு. 1,600 ஆண்டுகளாக நிற்பது உண்மையே. கரியால் உருக்கிய அவ்விரும்பில் பாஸ்பரம் மிகுதியாயிருந்து, மேற்பரப்பில் காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கியது. டில்லியின் உலர்ந்த காற்றும் துணை செய்தது. அதே தூணின் மண்ணுக்குள் புதைந்த பாகத்தில் துரு தடித்தே இருந்தது. ஆகவே கொல்லனை மட்டும் புகழ்ந்தால் போதாது. நின்ற இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடத்தின் வலிமையை அறிய விரும்புவோர் பாம்பனைப் பார்க்கலாம். உலகிலேயே இரும்பை மிக விரைவில் அரிக்கும் கடற்காற்று வீசும் இடங்களுள் அஃது ஒன்று. 1914இல் திறக்கப்பெற்ற பழைய ரயில் பாலம் அங்கே நூறாண்டைக் கடந்து, 2022 டிசம்பர் வரை வண்டிகளைத் தாங்கிற்று. சுரண்டுவதும் வர்ணம் பூசுவதும் அங்கே முடிவுறாத வேலையாகவே இருந்தன. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருவேறா உருக்குக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்னும் சிறப்புப் பூச்சும் கொடுத்திருக்கின்றனர். அருகிலுள்ள மண்டபத்தில், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து ஆராயும் நிலையத்தைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் நடத்திவருகின்றது. டாக்டர் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொண்டு 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பட்ட கழகம் அது.

வர்ணம் பூசுவோர் பெரும்பாலும் வர்ணத்தின் விலையிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். பூச்சு நிற்பதும் உதிர்வதும் அடித்தளத்தைத் தூய்மை செய்வதைப் பொறுத்தது. துருவின்மேல் பூசிய வர்ணம் துருவோடு பெயர்ந்துவிடும். ஏனெனில் துரு இரும்பைவிடப் பருத்தது, உள்ளிருந்தே தள்ளும். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, உப்பு போக நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றே முதற்பூச்சுப் பூச வேண்டும். மறுநாளைக்கென்று விட்டால் இரவுப் பனியிலேயே புதுத் துரு அரும்பிவிடும். ஒரு தடித்த பூச்சைக் காட்டிலும் இரண்டு மெல்லிய பூச்சுகள் மேலானவை. ஓரங்களிலும் திருகாணித் தலைகளிலும் வர்ணம் மெலிந்து நிற்குமாதலால் அங்கே தனியாக ஒருமுறை பூசுதல் நன்று.

இவற்றுக்கு உரிய காலம் ஐப்பசி மழைக்கு முந்திய புரட்டாசி மாதம். இருப்புப் பதிவேட்டில் 'விலை', 'தேய்மானம்', 'நிகர மதிப்பு' என்னும் கட்டங்களோடு, 'எண்ணெய் அல்லது வர்ணம் பூசிய தேதி' என்று இன்னொரு கட்டத்தைச் சிவப்பு மையால் வரைந்துகொள்ளுமாறு நான் செல்லும் சங்கங்களில் எல்லாம் சொல்லி வருகின்றேன். பக்கத்தில் செய்தவரின் கையொப்பமும் இருத்தல் வேண்டும். ஒரு டப்பா கிரீஸ், இரண்டு தூரிகை, ஓர் ஆளின் இரண்டு நாட்கூலி ஆகியவை சேர்ந்த இச்செலவு, பெரும்பாலான சங்கங்களில் செயலாளரின் சில்லறைச் செலவு வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். வவுச்சரை மட்டும் முறையாக எழுதிப் பராமரிப்புத் தலைப்பில் சேர்த்துவிட வேண்டும்.